ரெட்ரோ கேமராவைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க! வியூஃபைண்டரா, ஸ்க்ரீனா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்த சீசனில் எந்தப் பட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சி உறுதி. விரித்துப் போட்ட புடவையை கல்யாணப் பெண்ணின் அத்தை போனில் படம் எடுக்கிறார். படம் வாட்ஸ்அப்பில் பெங்களூருக்குப் போகிறது. அடுத்த நிமிடம் பதில்: “சிவப்பு வேணாம்னு சொன்னேனே அத்தை!” இங்கே விரித்திருப்பதோ நல்ல அரக்கு. கடைக்காரர் அலுத்துக்கொள்வதில்லை. தினமும் பார்க்கும் கூத்துதானே. “ம்மா, போன்ல அப்படித்தான் தெரியும். வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெளிச்சத்துல பாருங்க” என்கிறார்.

கண் பார்ப்பது ஒன்று, திரை காட்டுவது இன்னொன்று. கேமரா பிரியர்கள் நடுவே இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய சண்டையும் இதேதான்.

பார்க்கப் பழைய ஃபிலிம் கேமரா, உள்ளே புத்தம்புது டிஜிட்டல் சென்சார். இதைத்தான் ‘ரெட்ரோ’ கேமரா என்கிறார்கள். அடுத்த மாடல் எப்போது வரும் என்று ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அதில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தே ஆகணும் என்பது ஒரு கட்சி. முதுகுப்பக்க ஸ்க்ரீன் போதுமே, எதுக்கு ஓட்டைக்குள்ள எட்டிப் பார்க்கணும் என்பது இன்னொரு கட்சி. ஒன்றரை லட்ச ரூபாயை இ.எம்.ஐ.யில் போடப்போகிறவருக்கு இது வெறும் அரட்டை இல்லை.

எப்படி ஆரம்பித்தது இந்த மோகம்?

2010 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோட்டோகினா கண்காட்சியில் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் எக்ஸ்100 கேமராவைக் காட்டியது. வெள்ளி நிற மேல்பகுதி, கறுப்புத் தோல், திருகும் டயல்கள். தாத்தாவின் பீரோவிலிருந்து எடுத்தது போன்ற தோற்றம். 2013இல் நிக்கான் டிஎஃப் வந்தது. அதில் வீடியோ வசதியே வைக்கவில்லை! 2020இல் வந்த எக்ஸ்100வி சமூக வலைதள வீடியோக்களால் திடீரென்று பிரபலமாகி, கடைகளில் ஸ்டாக் தீர்ந்து, செகண்ட் ஹேண்டில் புது விலையைத் தாண்டி விற்றது. 2023 செப்டம்பரில் நிக்கான் இசட்எஃப் வந்தது. 1982இல் வந்த எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் முகத்தை அப்படியே ஒட்டிய மாடல் அது. 2024 பிப்ரவரியில் எக்ஸ்100விஐ. இந்திய அறிமுக விலை சுமார் 1.6 லட்சம் ரூபாய். காசைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 2019இல் வந்த எக்ஸ்-ப்ரோ3 மாடலுக்கு அடுத்தது எப்போது என்ற வதந்தி மட்டும் வருஷா வருஷம் புதுசாகக் கிளம்புகிறது.

ஒரு வேடிக்கை. இப்படிக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஃபிலிம் ரோலைக் கையால் மாட்டியிருக்க வாய்ப்பில்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று ஒரு பொதுத்துறை ஆலை இருந்தது, ‘இந்து’ என்ற பெயரில் நம்ம ஊரிலேயே ஃபிலிம் தயாரித்தது என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். தெரியாத காலத்துக்கு ஏங்குவதில் தப்பில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்கு எவ்வளவு விலை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் காஞ்சிபுரத்து ஆட்கள் உதவிக்கு வருகிறார்கள். அசல் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களில் ஓடும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். விசைத்தறியில் இதே தோற்றத்தைக் கொண்டுவந்துவிடலாம். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் விவரம் தெரிந்த பாட்டிகள் முன்பக்கத்தைப் பார்த்து மயங்குவதில்லை. “திருப்பிக் காட்டுப்பா” என்பார்கள். கோர்வை உண்மையா, ஒப்பனையா என்று பின்பக்கம் சொல்லிவிடும்.

ரெட்ரோ கேமராவையும் அப்படித் திருப்பிப் பார்க்கலாம். எக்ஸ்100விஐயில் லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருகினால் துளையின் அளவு உண்மையிலேயே மாறுகிறது. ஷட்டர் டயலும் அப்படியே. நிக்கான் இசட்எஃப்பில் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ டயல்கள் பித்தளையில் செய்தவை, வேலையும் செய்கின்றன. ஆனால் துளையின் அளவைச் சின்ன ஜன்னலில் எண்ணாகக் காட்டுவதோடு சரி. மாற்றுவதற்கு மற்ற நவீன கேமராக்களைப் போலத்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். 2025 மே மாதம் வந்த ஃபியூஜியின் எக்ஸ் ஹாஃபில் ஃபிலிமை நகர்த்தும் லீவர் இருக்கிறது. உள்ளே நகர்வதற்கு ஃபிலிம்தான் இல்லை! இது மோசடி என்று சொல்ல வரவில்லை. எது கோர்வை, எது ஒட்டு என்று தெரிந்து வாங்கினால் போதும்.

இந்தச் சோதனையில் டயல்களைவிட முக்கியமான பாகம் வியூஃபைண்டர். படம் எடுப்பவரின் உடம்பையும் கண்ணையும் உண்மையிலேயே வேறு மாதிரி வேலை செய்ய வைப்பது அது ஒன்றுதான்.

ஸ்க்ரீன்தான் மூத்தது

‘வியூஃபைண்டர் என்றால் பாரம்பரியம், ஸ்க்ரீன் என்றால் செல்போன் தலைமுறை’ என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வரலாறு வேறு சொல்கிறது. பழைய ஸ்டுடியோக்களில் போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தது எதை? கேமராவின் பின்பக்கத்தில் இருந்த தேய்த்த கண்ணாடியில், தலைகீழாக விழுந்த பிம்பத்தை. அது ஒரு ஸ்க்ரீன்தான். பிறகு வந்த யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் இரட்டை லென்ஸ் கேமராக்களை வயிற்றருகே பிடித்துக்கொண்டு, குனிந்து மேலிருந்து பார்ப்பார்கள். அதுவும் ஸ்க்ரீன்தான். கண்ணில் வைத்துப் பார்க்கும் ஜன்னல், கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற சின்னக் கேமராக்களோடு பரவிய பழக்கம். வீட்டு ஆல்பங்களில் இருக்கும் பல கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்த அக்ஃபா க்ளிக் 3இல் இருந்தது அப்படியொரு சின்ன ஜன்னல். டிஜிட்டலில் 1995இல் கேஸியோ க்யூவி-10 முதுகில் எல்சிடி திரையோடு வந்தபோது, ஸ்க்ரீன் புதிதாகப் பிறக்கவில்லை, திரும்பி வந்தது.

ஆக, எது பழசு என்பதில் அர்த்தமில்லை. எது எதைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

வியூஃபைண்டரில் மூன்று வகை உண்டு. முதலாவது, டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இருப்பது. லென்ஸ் வழியாக வரும் அதே ஒளியைக் கண்ணாடியும் பட்டகமும் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். இரண்டாவது, லென்ஸுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஜன்னல். உலகம் உள்ளபடி தெரியும்; படச் சட்டத்துக்கு வெளியே யார் நடந்து வருகிறார் என்பதுகூடத் தெரியும். ஆனால் ஜன்னல் ஓர் இடம், லென்ஸ் ஓர் இடம் என்பதால் கிட்டத்தில் இருப்பதை எடுத்தால் எல்லை சற்று விலகும். மூன்றாவது, மின்னணு வியூஃபைண்டர். அது உண்மையில் கண்ணருகே வைத்த குட்டி ஸ்க்ரீன்தான். சென்சார் என்ன பதியப்போகிறதோ அதை முன்கூட்டியே காட்டிவிடும். எக்ஸ்100 வரிசைக்கு இவ்வளவு கிராக்கி இருக்கக் காரணம், முன்னால் இருக்கும் ஒரு சின்ன லீவரைத் தட்டினால் இரண்டாவது வகையிலிருந்து மூன்றாவதுக்கு மாறலாம் என்பது.

இதைப் பட்டுப்புடவையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். மயில் கழுத்து நிறத்துக்குப் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கோணம் மாறினால் நீலம் பச்சையாகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த மினுக்கம் முழுசாகத் தெரியும், ஆனால் படத்தில் என்ன விழும் என்று தெரியாது. வெயிலில் ஜரிகை வெளுத்துப்போய்ப் பதிவாகுமா என்பதை மின்னணு வியூஃபைண்டர் ஷட்டரை அழுத்தும் முன்பே காட்டிக்கொடுக்கும். அந்த விதத்தில் புடவை வியாபாரத்துக்கு மின்னணுதான் உதவி. போன் ஸ்க்ரீனோ, பல படங்களை ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, நிறத்தை அழகாக்கியே காட்டும். அத்தை அனுப்பிய அரக்கு சிவப்பானது அப்படித்தான்.

விடியற்காலை, கோபுர வாசல்

தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சந்நிதிகளுக்கு முன்னால் படம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. காஞ்சிபுரத்தில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மிச்சம் இருப்பது வீதி. வீதி என்றால் வைகாசி கருட சேவை.

வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலை. கருட வாகனத்தில் பெருமாள் கோபுர வாசலைத் தாண்டி வருகிறார். அந்த இடத்தில் ஒரு கணம் குடைகளைத் தாழ்த்தி மறைத்து, மறுபடி விலக்குவார்கள். சோளிங்கபுரம் தொட்டாச்சாரியாருக்காக என்பது ஐதீகம். குடை விலகும் அந்த நொடிக்காகத்தான் அத்தனை கண்களும் காத்திருக்கின்றன. வெளிச்சம் குறைவு, கூட்டம் நெரிக்கிறது, தீப்பந்தமும் மின்விளக்கும் கலந்த நிறம்.

இங்கே யாருக்கு லாபம்? நேர்மையாகச் சொன்னால் முதல் ரவுண்டில் ஸ்க்ரீன்தான் ஜெயிக்கும். கண்ணில் கேமராவை ஒட்டிவைத்திருப்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் பின்தலை. திரையை மடக்கி, கேமராவைத் தலைக்கு மேல் தூக்குகிறவருக்கு கருடனே தெரிகிறார். வியூஃபைண்டர் பக்தர்கள் இதைப் பேசவே மாட்டார்கள்.

ஆனால் ஒரு மேடையோ மாடியோ கிடைத்துவிட்டால் கதை மாறுகிறது. இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்ட, கேமரா முகத்தில் மூன்றாவது பிடிப்பாக நிற்க, கை நடுக்கம் குறைகிறது. மங்கலான வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகத் திறக்கும்போது அந்தப் பிடிப்புதான் படத்தைக் காப்பாற்றும். அதைவிடப் பெரிய விஷயம், எடுத்த படத்தை உடனே பார்க்கும் ஆசை. ஸ்க்ரீனில் எடுப்பவர் குடை மறைத்த கணத்தை க்ளிக் செய்துவிட்டு, வந்திருக்கா என்று குனிகிறார். குடை விலகுவது அந்த நேரத்தில்தான். கல்யாண மண்டபத்திலும் இதே விபத்து நடக்கும். கெட்டிமேளம் கேட்டு எடுத்த படத்தைச் சரிபார்க்கக் குனிந்தவர், தாலி முடிந்ததும் பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்த பார்வையை விட்டிருப்பார்.

குறை ஸ்க்ரீனில் இல்லை, ஸ்க்ரீன் நம்மைக் கூப்பிடும் நேரத்தில் இருக்கிறது. எடுப்பதற்கு முன் அது நண்பன். எடுத்த மறுநொடி தொல்லை.

கம்பெனிகளுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. எக்ஸ்-ப்ரோ3இல் பின் திரையை உள்பக்கமாக மடக்கி ஒளித்தே வைத்தார்கள். வேண்டுமென்றால் இறக்கிப் பார்க்கணும். அப்போது கிண்டல் செய்தவர்கள் நிறைய. எக்ஸ் ஹாஃப் இன்னும் ஒருபடி மேல். அதன் ஃபிலிம் கேமரா மோடில் 36, 54 அல்லது 72 படங்கள் முடியும்வரை எடுத்ததைப் பார்க்கவே முடியாது. லைக்கா நிறுவனம் 2024இல் எம்11-டி மாடலில் பின் திரையையே எடுத்துவிட்டது. அதே லைக்கா 2025 அக்டோபரில், 1954இலிருந்து எம் வரிசையின் அடையாளமாக இருந்த ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலை நீக்கி, மின்னணு வியூஃபைண்டரோடு எம் ஈவி1 கொண்டுவந்தது. ஒரே கம்பெனி இரண்டு கட்சிக்கும் தனித்தனியாகக் கடை விரிக்கிறது.

அப்போ எதை வாங்குவது?

வியூஃபைண்டர் இல்லாத ரெட்ரோ கேமரா, விலை எதுவானாலும், வேஷம்தான். அந்தக் காசுக்குப் போனே போதும். வியூஃபைண்டர் நல்லதாக இருந்தால், டயல்கள் பழைய மாதிரி இல்லாவிட்டாலும் குடிமுழுகாது. பட்ஜெட் இல்லாதவர்கள் 1.6 லட்சத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கண்ணாடி வழியாக உலகைக் காட்டும் பழைய டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் அதில் ஒரு பங்குக்கே கிடைக்கின்றன. பார்க்க கெத்தாக இருக்காது, அவ்வளவுதான்.

கல்யாணம், புடவை விளம்பரம் என்று காசுக்கு எடுப்பவர்களின் நிலைமை வேறு. பக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா நின்றுகொண்டு “தம்பி, எப்படி வந்திருக்கு, காட்டுங்க” என்பார். அவரிடம் 36 படம் முடியட்டும் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு நிக்கான் இசட்எஃப் மாதிரி, திரையைத் திருப்பி மூடிக்கொள்ளவும் தேவைப்படும்போது விரிக்கவும் முடிகிற கேமராதான் தோது.

வாங்கும் முன் கடையில் ஒரே ஒரு சோதனை. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றாமல் வியூஃபைண்டருக்குள் பார்க்க வேண்டும். நான்கு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா? பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினால் எழுத்துகள் தெளிவாகின்றனவா? பிறகு கேமராவோடு கடை வாசலுக்கு வந்து, வெயிலில் ஒருமுறை ஸ்க்ரீனையும் ஒருமுறை வியூஃபைண்டரையும் பார்க்க வேண்டும். வாசலுக்கு விட மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம். காந்தி ரோட்டில் எண்பதாயிர ரூபாய் புடவையையே வாசலுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள்.