பாக்டீரியாவை வளர்த்தா மீன் வளரும்

கொரட்டூர்ல இருந்து கொளத்தூர் பக்கம்தான். அங்க வண்ணமீன் கடைகள்ல கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர்னு பாக்கெட் பாக்கெட்டா தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அந்த மீன்களோட குஞ்சுகள் முதல் வாரத்துல என்ன சாப்பிடும்னு யோசிச்சிருக்கீங்களா?

பெரும்பாலும் ஆர்ட்டீமியா. உப்பளத்தில் வாழும் சின்ன உயிரி. அதன் காய்ந்த முட்டை வருஷக்கணக்கில் தாங்கும். உப்புத் தண்ணியில போட்டுக் காத்து விட்டா ஒரே நாள்ல பொரியும். உலகச் சந்தைக்கு இந்த முட்டைகளை அதிகமா அனுப்புறது அமெரிக்காவின் யூட்டா உப்பு ஏரி. ஆனா நம்ம தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா இருக்கு!

பொரிச்ச குஞ்சைப் பெருசா வளர்க்க வழக்கமா பாசி கொடுப்பாங்க. பாசி வளர்க்க வெளிச்சம், உரம், தனித் தொட்டி எல்லாம் வேணும். நான் சொல்றது, பாக்டீரியாவையும் தீனியாக்குவோம். ஆர்ட்டீமியா தண்ணீரை வடிகட்டித் தின்னும். சுமார் 50 மைக்ரானுக்குள் இருந்தா எதையும் விடாது. தொட்டியில் கொஞ்சம் வெல்லப்பாகோ தவிடோ போட்டா, பாக்டீரியா கழிவிலிருக்கும் அம்மோனியாவை எடுத்துப் புரதமாக்கி, திரள் திரளாகப் பெருகும். இதைத்தான் பயோஃப்ளாக் என்கிறோம். கழிவும் குறையும், தீனியும் கிடைக்கும்.

"பாக்டீரியாவா? நோய் வருமே!" என்பீர்கள். பாதி உண்மை. விப்ரியோ பெருகினா ஆபத்துதான். வெல்லப்பாகு கூடிட்டா ஆக்சிஜன் இறங்கி, ராத்திரியோட ராத்திரியா தொட்டியே காலி. கடல்மீன் குஞ்சுக்குத் தேவையான சில கொழுப்பு அமிலங்களும் பாக்டீரியாவில் கிடைக்காது. அதனால பாசியை மொத்தமா விட்டுட முடியாது.

ஆனா நண்பர்களே, இந்தச் சிக்கல்கள்தானே நம்ம வேலை? ஆக்சிஜன் சென்சார் ஈசிஇ பசங்களுக்கு, காற்றோட்டம் மெக்கானிக்கலுக்கு, பாக்டீரியா எண்ணிக்கை பயோடெக்குக்கு. காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்குறதுக்கு ஒரு உப்புத் தொட்டி மேல். குஞ்சு பெருசாக ரெண்டு மூணு வாரம் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: மிச்சத்தை எந்த உப்பளத்திலும் கொட்டாதீங்க. ஸ்பெயின், போர்ச்சுகல் உப்பளங்கள்ல அமெரிக்க இனம் புகுந்து உள்ளூர் இனங்களை விரட்டிடுச்சு. தூத்துக்குடிக்கு அது வேண்டாம்.

தொட்டி செத்துட்டா வைவால என்ன சொல்றதுன்னு பயப்படாதீங்க. ஏன் செத்துச்சுன்னு சொல்ல முடிஞ்சா, அதுதான் புராஜெக்ட்.