இன்காசோக் கடிதமும் எங்கட மானமும்

உங்களில எத்தனை பேர் வீட்டு லாச்சிக்குள்ள உடைக்காத கடிதங்கள் கிடக்குது எண்டு கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டியள். குரூருட்டில இருந்து ஸ்தூவ்னர் வரைக்கும் கிடக்குது. நொஸ்க் வாசிக்கத் தெரிஞ்சவன் எண்டு என்னட்டத்தான் கொண்டு வருகினம், அதுவும் இருட்டினாப் பிறகு, கடைப் பையுக்குள்ள ஒளிச்சு.

அண்மையில வந்த ஒரு அம்மா, எப்பவோ நிப்பாட்டின தொலைபேசிக்கு வந்த கணக்கை, வட்டி கூலியோட முழுக்கக் கட்டிப்போட்டுத்தான் என்னட்ட வந்தவ. வேலையிடத்துக்கு அறிவிப்பம் எண்டு போனில ஒருத்தன் வெருட்டினவனாம். "பிரச்சினை வேண்டாம் தம்பி, மானம் போயிடும்" எண்டா. யாற்ற மானம் அக்கா போகவேணும்? தராத சேவைக்குக் காசு கேட்டவன்ரயா, உங்கடயா?

இன்காசோ எண்டுறது பொலிசும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அது ஒரு கொம்பனி. 1988இல வந்த இன்காசோச் சட்டமே அளவுக்கு மிஞ்சின நெருக்குதல் குடுக்கக்கூடாது எண்டுது. முதல் எச்சரிக்கைக் கடிதம், 14 நாள் தவணை. பிறகும் ஒரு கடிதம், இன்னொரு 14 நாள். உங்கட கடன் கதையைக் கண்டவன் நிண்டவனுக்குச் சொல்லவும் ஏலாது, இரகசியம் காக்கிறது அவையின்ர கடமை. கடனை மறுக்க உங்களிட்ட நியாயமான காரணம் இருந்தால் இன்காசோக் கூலியே கட்டத் தேவையில்லை. சம்பளத்தில கை வைக்கிறது நாம்ஸ்மான் மட்டும்தான், அவரும் நீங்கள் சாப்பிட்டுச் சீவிக்க விட்டுத்தான் வெட்டவேணும்.

ஆனால் ஒண்டு. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கொம்பனிக்காரன் அந்தக் கடிதத்தையே தூக்கிக்கொண்டு நேர நாம்ஸ்மானிட்டப் போகலாம். மறுத்தால் விசயம் ஃபொர்லிக்ஸ்ரோதுக்குப் போகவேணும், அங்க அவன் தன்ர கடனை நிரூபிக்கவேணும். லாச்சிக்குள்ள கிடக்கிற கடிதம் அவனுக்குத்தான் உதவி.

(உண்மையான கடன் எண்டால் கட்டத்தான் வேணும், அதில கதை இல்லை. அதையும் தவணை போட்டுக் கட்டக் கேக்கலாம். 2020 ஒக்ரோபரில சின்னக் கடன்களுக்கான கூலியை அரசாங்கமே நல்லாக் குறைச்சது. அதுக்கு முந்தி அடிச்ச கொள்ளை தனிக்கதை.)

நொஸ்க்காரனை மட்டும் திட்டி முடிக்க மனமில்லை. எங்கட ஆக்கள் சிலபேர் சீட்டுக் காசுக்கும் கைமாத்துக்கும் செய்யிறது இதைவிட மோசம். ஊரில இருக்கிற தாய் தேப்பனுக்குப் போன் எடுக்கிறது, கோயில் வாசலில வைச்சுக் கேக்கிறது, கலியாண வீட்டில பேரைக் கெடுக்கிறது. கடிதமும் இல்லை, 14 நாளும் இல்லை. காசைக் கேக்கிறது உரிமை. ஆளை வெருட்டினால் அது இந்த நாட்டில பொலிசுக்குப் போற விசயம்.

ஊரில நிலைமை என்ன எண்டும் தெரியும்தானே. நுண்கடன்காரர் வீட்டு வாசலில வந்து குந்தியிருந்து பெண்களைப் படுத்தின பாடு. 2018இல ஐ.நா. நிபுணர் பொகொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்குப் போய், கடனுக்குப் பதிலாப் பாலியல் இலஞ்சம் கேட்ட கதைகளையும் கேட்டுச் சொன்னவர். அதே வருசம் வறட்சி மாவட்டங்களில ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பெண்களின்ர கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அந்தப் பெண்கள் வாய் திறந்து கதைச்சபடியாத்தான் அது வெளியில வந்தது. வன்னியில ஓலைக் கொட்டிலுக்குள்ள இருந்து அவையாலை ஏலுமெண்டால், ஒஸ்லோவில ஹீற்றருக்குப் பக்கத்தில இருக்கிற எங்களுக்கு என்ன வந்தது?

நொஸ்க் தெரியாது எண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ. பல்கலைக்கழகச் சட்ட மாணவர் நடத்துற யூஸ்பூஸ் 1971இல இருந்து இஞ்ச இருக்குது, பெண்களுக்கெண்டு யுர்க் 1974இல இருந்து. ரெண்டும் இலவசம். நாவிலயும் கடன் ஆலோசனை இருக்குது. அதுக்கும் போக வெக்கமெண்டால் இந்த மூண்டு சொல்லை எழுதி, தேதியும் காரணமும் போட்டு அனுப்பி, ஒரு பிரதியை வைச்சிருங்கோ: "யை பெஸ்த்ரீதர் க்ராவே". இந்தக் கடனை நான் மறுக்கிறன். எழுத்துக்கூட்டிப் பாக்க வேணுமெண்டால் பகலிலேயே வாங்கோ, தேத்தண்ணி ஊத்தித் தாறன்.