இரட்டிப்பு எனும் பொய்க்கணக்கு

மெல்பர்னின் வடக்குப் புறநகரான கிரெய்கிபர்னில் 2011இல் ஏறத்தாழ 33,000 பேர். 2021இல் 65,000 பேர். பத்தாண்டில் இரு மடங்கு. இதுவரை உண்மை. ஆனால் இந்த எண்களை வைத்து எழுதிய ஒரு கட்டுரையாளரோ, பத்தாண்டுக்கொரு முறை ஊர் இரட்டிக்கும், ஆகவே குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்கிறார். புள்ளியியலாளர்களின் முன்கணிப்பு முறைகள் தோற்றுவிட்டன என்றும் தள்ளிவிடுகிறார். இரண்டும் தவறு, முதலாவது ஆபத்தானதும்கூட.

அவர் கணக்கை அவர் வழியிலேயே நீட்டினால், 2041இல் இந்த ஒரு புறநகரில் மட்டும் 2,60,000 பேர். கிரெய்கிபர்னையும் சேர்த்து ஹியூம் மாநகராட்சி முழுவதிலும் 2021இல் வாழ்ந்தவர்களே 2,44,000 பேர்தான்! விற்க மனைகள் இருந்ததால்தான் ஊர் இரட்டித்தது. மனைகள் தீரத் தீர வளர்ச்சி வடக்கே மிக்கில்ஹாமுக்கும் கல்காலோவுக்கும் நகர்கிறது. இந்த எளிய உண்மைக்கு அவர் கணக்கில் இடமே இல்லை.

முறையான முன்கணிப்பு மக்களை வயது, பாலினவாரியாகப் பிரித்து ஆண்டாண்டாக முன்நகர்த்துகிறது. பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவரையும் போனவரையும் கணக்கில் சேர்க்கிறது. புறநகர் என்றால் இன்னும் எத்தனை வீடுகளுக்கு இடமுண்டு என்றும் பார்க்கிறது. 2021இல் பிரெப் எனும் பள்ளியின் முதலாண்டில் சேர்ந்த பிள்ளை 2028இல் ஏழாம் வகுப்புக்கு வரும். அதற்கான உயர்நிலைப் பள்ளியைத் திட்டமிட இந்தக் கணக்குதான் உதவும், பீதி உதவாது.

முன்கணிப்புகள் தவறியதில்லையா? தவறியிருக்கின்றன. நடுவண் அரசின் 2002ஆம் ஆண்டுத் தலைமுறைகளுக்கிடையிலான அறிக்கை, ஆஸ்திரேலியா 2042இல் 2.53 கோடியை எட்டும் என்றது; 2018இலேயே 2.5 கோடி தாண்டியது. பிழை முறையில் இல்லை. நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 90,000தான் என்ற அனுமானத்தில் இருந்தது. அந்த எண் எப்படியெல்லாம் மாறும் என்பதைப் பின்னர் கண்டோம்: 2020-21இல் வந்தவரைவிடப் போனவர் அதிகம், 2022-23இல் நிகர வரவே 5 லட்சத்துக்கு மேல். இதனால்தான் ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் 2071க்கு ஒற்றை எண்ணைச் சொல்லாமல், 3.43 கோடி முதல் 4.59 கோடி வரை எனப் பல கணிப்புத் தொடர்களைத் தருகிறது. ஒவ்வொன்றின் அனுமானத்தையும் வெளிப்படையாக வைக்கிறது.

அனுமானங்களை இகழும் கட்டுரையாளரும் ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறார்: 2011-2021இன் வளர்ச்சி என்றென்றும் தொடரும் என்பது. அதை வாசகரிடம் மறைத்துவிட்டு, குடியேறிய குடும்பங்களின் மேல் பழியைப் போடுகிறார். இது கணிப்பே அல்ல, வெறுப்புக்கு எண்களைத் துணைக்கழைக்கும் வேலை. அதை மறுக்காமல் விடுவது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.