பழைய ரவுட்டரில் புதிய மென்பொருளுக்கு இடமில்லை: பொறுப்பு யாருடையது?

இன்டர்நெட் இணைப்பு வாங்கும்போது சுவரில் மாட்டிய ரவுட்டரை, அது கெட்டு நிற்கும் வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்கு எரிகிறது. செல்போனில் படம் ஓடுகிறது. கடையில் பணம் வந்து சேர்ந்ததாக ஒலிபெருக்கி சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதே பலருடைய நினைப்பு. பெங்களூர் பீனியாவில் ஐந்தாறு பேர் பணம் போட்டு ஒரே இணைப்பை வைத்திருக்கும் அறைகளிலும், எஸ்.பி. ரோட்டில் பழைய சாமானாக வாங்கிய ரவுட்டரை வைத்துக் காலத்தை ஓட்டும் சிறு கடைகளிலும் இதுதான் நிலைமை.

ஆனால் வேலை செய்கிற ரவுட்டர் வேறு, பாதுகாப்பான ரவுட்டர் வேறு. இந்த வித்தியாசம் கடந்த சில ஆண்டுகளில் உலகமெங்கும் பெரிய பிரச்சினையாகி இருக்கிறது.

வாடகைக்குப் போகும் முகவரி

2025 மே மாதம் அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தயாரித்த கம்பெனிகளே கைவிட்டுவிட்ட பழைய ரவுட்டர்களுக்குள் திருட்டு மென்பொருள் புகுத்தப்படுகிறது, பிறகு அந்த ரவுட்டர்கள் வாடகைக்கு விடப்படுகின்றன என்பது அதன் சாரம். லிங்க்சிஸ் உள்ளிட்ட 13 மாடல்களின் பெயர்கள் அதில் இருந்தன. அதே வாரம் எனிபிராக்சி, ஃபைவ்சாக்ஸ் என்ற இரண்டு வாடகைச் சேவைகள் முடக்கப்பட்டன. நான்கு பேர் மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. மாதம் 9.95 டாலர் முதல் 110 டாலர் வரை கட்டணம் வாங்கி, ஊர் பேர் தெரியாத குடும்பங்களின் ரவுட்டர்களை அவர்கள் வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

வாடகைக்கு எடுப்பவனுக்கு இதில் என்ன லாபம்? அவன் செய்யும் மோசடி, அந்த வீட்டு இணைப்பிலிருந்து நடந்ததாகவே பதிவாகும். போலீசார் இணைய முகவரி எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், முதலில் போய் நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்தான். அறையில் ஆறு பேர் இருந்தாலும் ஆதார் நகல் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்தானே?

இதற்கு முன்பே, 2024 ஜனவரி 31-ந் தேதி, அமெரிக்க நீதித்துறை இன்னொரு வழக்கை வெளியிட்டது. சீன அரசின் ஆதரவு பெற்றது என்று அமெரிக்கா கூறும் 'வோல்ட் டைபூன்' குழு, நூற்றுக்கணக்கான சிறு ஆபீஸ், வீட்டு ரவுட்டர்களைக் கைப்பற்றி வைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முடிந்த சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்கள். கோர்ட்டு உத்தரவு பெற்று எப்.பி.ஐ. அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்தது. ஆனால் உரிமையாளர் ஒரு முறை ஸ்விட்சை அணைத்துப் போட்டால் அந்தத் தடுப்பு போய்விடும், மறுபடியும் தொற்று வரலாம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஓட்டையை நிரந்தரமாக அடைக்கும் புதிய மென்பொருள் அந்த மாடல்களுக்கு வராது என்பதே காரணம்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் சுமார் 60,000 மோடம்கள் நச்சு மென்பொருளால் செயல் இழந்ததாகச் செய்திகள் வெளியாயின. தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்த மோடம்களே மாட்டிக்கொண்டன.

அலமாரியும் மேஜையும்

புதிய மென்பொருளை ஏற்றிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். ஏற்ற இடம் வேண்டும். அதுதான் சிக்கல்.

ரவுட்டர் ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதில் இரண்டு வகை நினைவகம் உண்டு. ஒன்று 'பிளாஷ்'. இது ஆபீசில் இருக்கும் பைல் அலமாரி போன்றது. மின்சாரம் போனாலும் உள்ளே வைத்தது அப்படியே இருக்கும். மற்றது 'ராம்'. இது குமாஸ்தாவின் மேஜை போன்றது. வேலை நடக்கும்போது பைல்களை விரித்து வைக்கும் இடம். மின்சாரம் போனால் மேஜை காலியாகிவிடும்.

புதிய மென்பொருள் முதலில் மேஜையில் வந்து இறங்குகிறது. அங்கே சரிபார்க்கப்படுகிறது. பிறகு அலமாரியில் இருக்கும் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதப்படுகிறது. விலை உயர்ந்த சாதனங்களில் அலமாரிக்கு இரண்டு தட்டு இருக்கும். புதியது சரியாக ஏறவில்லை என்றால் பழையதை வைத்து மறுபடி எழுந்துவிடும். மலிவான ரவுட்டரில் ஒரே தட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ரவுட்டர் வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆகிவிடும்.

அளவைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். டிபி-லிங்க் கம்பெனியின் டபிள்யு.ஆர்.841என் என்ற மாடல் மிகவும் பரவலாக விற்பனையான ஒன்று. அதன் பல பதிப்புகளில் பிளாஷ் 4 எம்.பி., ராம் 32 எம்.பி. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ 4 எம்.பி. இருக்கும். அந்த இடத்துக்குள் ரவுட்டரின் முழு மென்பொருளும் அடங்கவேண்டும். ஆண்டுதோறும் புதிய பாதுகாப்பு முறைகள் சேரச் சேர, மென்பொருள் பெருத்துக்கொண்டே போகிறது. ஆழாக்கில் படி அரிசியை அளக்க முடியுமா?

கம்பெனி கைவிட்ட ரவுட்டர்களுக்கு உயிர் கொடுத்துவந்தது 'ஓப்பன்டபிள்யுஆர்டி' என்ற இலவச மென்பொருள். தொண்டு மனப்பான்மை உள்ள நிபுணர்கள் அதை எழுதுகிறார்கள். அவர்களாலும் ஒரு கட்டத்துக்கு மேல் முடியவில்லை. 4 எம்.பி. பிளாஷ், 32 எம்.பி. ராம் உள்ள சாதனங்களுக்கு அவர்கள் கொடுத்த கடைசி வரிசை 19.07. அதன் கடைசி வெளியீடு 2022 ஏப்ரலில் வந்தது. அதோடு அந்தக் கதவு மூடப்பட்டது.

லாட்வியா நாட்டு மைக்ரோடிக் கம்பெனியின் ரவுட்டர்கள் வேறொரு பாடம் சொல்கின்றன. அக்கம்பெனி 2021 டிசம்பரில் தனது மென்பொருளின் 7-வது வரிசையை வெளியிட்டது. 16 எம்.பி. பிளாஷ் கொண்ட சிறிய மாடல்களில் அது மூச்சு முட்டியது. 2023 டிசம்பரில் வந்த 7.13-ல், வைபை பகுதியைத் தனிப் பொட்டலமாகப் பிரித்தார்கள். வேண்டாததை இறக்கிவிட்டு வேண்டியதை மட்டும் ஏற்றலாம் என்ற வசதி கிடைத்தது. மனம் இருந்தால் சிறிய அலமாரியிலும் ஓரளவுக்கு வழி பண்ணலாம் என்பதற்கு இது உதாரணம்.

அதே கம்பெனியின் இன்னொரு அனுபவமும் கவனிக்கத்தக்கது. 2018 ஏப்ரலில் தெரியவந்த ஓர் ஓட்டையை அடைத்து உடனே புதிய மென்பொருள் கொடுத்தார்கள். ஆனால் ஆகஸ்டில் பிரேசிலில் பல்லாயிரக்கணக்கான ரவுட்டர்கள் அதே ஓட்டையின் வழியாகக் கைப்பற்றப்பட்டன. மருந்து நான்கு மாதமாக இருந்தது. வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆகவே பொறுப்பின் ஒரு பங்கு வைத்திருப்பவருடையது. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும்.

முதலில் ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டிய சீட்டைப் பார்க்க வேண்டும். மாடல் பெயர் மட்டும் போதாது, பதிப்பு எண்ணும் வேண்டும். மேலே சொன்ன 841என் மாடலில் 13-வது பதிப்புக்கு 8 எம்.பி. பிளாஷ், 64 எம்.பி. ராம். அடுத்து வந்த 14-வது பதிப்புக்கு 4 எம்.பி. பிளாஷ், 32 எம்.பி. ராம். பெயர் ஒன்றுதான், உள்ளே சரக்கு பாதி. ஒன்றின் மென்பொருளை மற்றதில் ஏற்றப் போனால் ரவுட்டர் போய்விடும்.

இரண்டாவது, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்தப் பதிப்புக்கும் இந்தியாவுக்கும் உரிய பைலை மட்டும் இறக்க வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஏற்றக்கூடாது. சில மாடல்களில் ஒரே தாவலாகக் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றிய பிறகே போகவேண்டும். அந்தக் குறிப்பு பைலோடு இருக்கும். அதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் முதலியவற்றை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். மென்பொருள் மாறினால் இவை அழிந்துபோகலாம்.

நான்காவது, ஏற்றுவதற்கு முன் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். மேஜை காலியாகும். மற்றவர்களின் போன்களை இணைப்பிலிருந்து விலக்கிவிட்டு, வைபை இல்லாமல் கேபிள் மூலம் கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும். யு.பி.எஸ். இருந்தால் நல்லது. இல்லையென்றால் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யவேண்டும். பத்து நிமிடம் ஆனாலும் ஸ்விட்சைத் தொடக்கூடாது.

ஐந்தாவது, ஏற்றி முடித்ததும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வெளியூரிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை அணைத்து வைக்கவேண்டும். 2025-ல் எப்.பி.ஐ. சொன்ன ஆலோசனைகளில் இதுவும் ஒன்று.

இணைப்புக் கம்பெனியே கொடுத்த ரவுட்டராக இருந்தால் வழி வேறு. அதன் மென்பொருளைப் பெரும்பாலும் அவர்களே தூரத்திலிருந்து ஏற்றுவார்கள். கடைசியாக எப்போது ஏற்றினார்கள் என்று கேட்கச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு. பதில் இல்லையென்றால் புதியது கேட்பதில் தவறில்லை.

வயது அல்ல, தேதி

பழையது என்பதற்காகவே தூக்கி எறிய வேண்டும் என்று சொல்வது விற்பனையாளர் பேச்சு. பார்க்க வேண்டியது ரவுட்டரின் வயது அல்ல, கடைசியாக மென்பொருள் வந்த தேதி. எட்டு வருடப் பழைய ரவுட்டருக்கு இன்னும் மென்பொருள் வந்துகொண்டிருந்தால் அது ஓடட்டும். மூன்று வருட ரவுட்டருக்கு ஆதரவு முடிந்துவிட்டதாகக் கம்பெனி அறிவித்திருந்தால், அதை இன்டர்நெட் வாசலில் வைத்திருப்பது ஆபத்து. சிஸ்கோ 1841 போன்ற ஆபீஸ் ரவுட்டர்களில் பிளாஷ் கார்டையும் ராமையும் கூட்டிக்கொள்ள வழி இருந்தது. அப்படியும் 2016 அக்டோபர் 31-ந் தேதியோடு கம்பெனி ஆதரவு முடிந்தது. இடம் இருந்தும் சரக்கு வராத கதை அது.

பெட்டியின் மேல் என்ன இருக்கிறது?

இப்போது பொறுப்பின் பெரிய பங்குக்கு வருவோம். 4 எம்.பி. என்று தீர்மானித்தவர் வாங்கியவர் அல்ல. சில ரூபாய் மிச்சம் பிடிக்க அதைத் தீர்மானித்தது தயாரிப்பாளர். அந்த மிச்சத்தின் விலையை, ஐந்து வருடம் கழித்து, விவரம் தெரியாத ஒரு தொழிலாளியோ கடைக்காரரோ கொடுக்கிறார்.

வெளிநாடுகள் இதைச் சட்டத்தால் பிடிக்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் சேரும் சாதனங்களைத் தயாரிப்பவர்கள், எவ்வளவு காலம் பாதுகாப்பு மென்பொருள் தருவோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய யூனியனின் சட்டம் 2024 டிசம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். சாதனத்தின் ஆயுளே குறைவாக இருந்தாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டு ஆதரவு தரவேண்டும்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் இயங்கும் தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையத்தின் திட்டப்படி, ரவுட்டர்களுக்கும் வீட்டு வைபை சாதனங்களுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயமாகியிருக்கிறது. இது வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆனால் விற்கும் நாளில் நல்லதா என்று பார்ப்பது ஒன்று. விற்ற பிறகு எத்தனை நாள் நல்லதாக இருக்கும் என்பது வேறொன்று. ஏற்கனவே வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருக்கும் பழைய ரவுட்டர்களை இந்தச் சான்றிதழ் சரிசெய்துவிடாது.

ரவுட்டர் பெட்டியின் மேல் அதிகபட்ச விலை இருக்கிறது. தயாரித்த மாதமும் வருடமும் இருக்கின்றன. மாத்திரை அட்டையில் காலாவதி தேதி போடுகிறார்கள். ரொட்டிப் பாக்கெட்டில் கூடப் போடுகிறார்கள். ரவுட்டர் பெட்டியிலும் நினைவகத்தின் அளவையும், பாதுகாப்பு மென்பொருள் எந்தத் தேதி வரை வரும் என்பதையும், வாங்குபவருக்குப் புரியும் மொழியில், எல்லாக் கம்பெனிகளும் அச்சிடும்படி அரசு செய்ய வேண்டும். அப்படி அச்சிட்டால் எண்ணூறு ரூபாய் ரவுட்டருக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரவுட்டருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் கடையிலேயே தெரிந்துவிடும்.

அதுவரை, ரவுட்டரின் அடியில் இருக்கும் சீட்டைப் படித்து, அந்த மாடலுக்குக் கடைசியாக மென்பொருள் வந்த தேதியைப் பார்த்துக்கொள்வது, இணைப்பைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நல்லது. கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.