சிறுநீர் போகிறதே, சிறுநீரகம் எப்படிக் கெடும்?

சிறுநீரகப் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. அண்மையில் ஓர் அம்மையார் அதைக் கேட்டபோது எங்களுக்குச் சற்றே வெட்கமாக இருந்தது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள தம் கணவரை மூச்சுத்திணறலோடும் கால் வீக்கத்தோடும் அவர் அழைத்து வந்திருந்தார். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 9. டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றோம். அவர் திகைத்துப்போய்க் கேட்டார்: "டாக்டர், இவருக்குச் சிறுநீர் நன்றாகத்தானே போகிறது? ஒரு நாள்கூடத் தடைப்பட்டதில்லையே! பிறகு எப்படிக் கிட்னி கெட்டிருக்கும்?"

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். 3 ஆண்டுகளுக்கு முன்பே கிரியேட்டினின் 2.1 என்று எங்கள் கையெழுத்திலேயே பதிவாகியிருந்தது. மாத்திரைகள், உணவுக் கட்டுப்பாடு, 3 மாதத்தில் மறுபரிசோதனை என எல்லாம் முறையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கியதாகத் தெரியவில்லை. சிறுநீர் தாராளமாகப் போனதால் அவர் மறுபரிசோதனைக்கு வரவில்லை; மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். மூட்டுவலிக்குக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கி வந்திருக்கிறார். அன்றே விளக்கியிருந்தால் நோய் முற்றாக நின்றிருக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆயினும், டயாலிசிஸைத் தள்ளிப்போடும் நல்ல வாய்ப்பு ஒன்று கைநழுவிப் போயிற்று.

எனவே, எங்கள் கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகிறோம். நோயுற்ற உறுப்பு எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்குவது, நேரம் கிடைத்தால் செய்யும் உபசாரம் அன்று. மருந்தைப் போலவே அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

அன்று அந்த அம்மையாருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறோம். சிறுநீரகங்கள் முதுகுப்புறத்தில், முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூடிய கைப்பிடி அளவுடையது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவற்றை நெஃப்ரான்கள் என்கிறோம். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இரு சிறிய உறுப்புகளுக்கே செல்கிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் அங்கு வடிகட்டப்படுகிறது. அதில் 178 லிட்டருக்கும் மேலாக, உடலுக்குத் தேவையான உப்புகளோடும் சர்க்கரையோடும் மீண்டும் இரத்தத்திற்குத் திரும்பிவிடுகிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவிலான நீரே கழிவுகளைச் சுமந்துகொண்டு சிறுநீராக வெளியேறுகிறது.

இங்கேதான் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. சிறுநீரகம் பழுதடையும்போது பெரும்பாலும் முதலில் குறைவது நீரின் அளவு அன்று. அது சுமந்து செல்லும் கழிவின் அளவே. குப்பை வண்டி நாள்தோறும் தெருவுக்கு வந்து போகிறது. ஆனால் பாதி குப்பையை அள்ளாமலே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்ததா என்று மட்டும் பார்த்தால் தெருவின் நிலை தெரியாது. பழுதடைந்த சிறுநீரகத்தால் சிறுநீரைச் செறிவாக்க இயலாததால், சிலருக்கு இரவில் வழக்கத்தைவிட அதிகமாகவே சிறுநீர் கழியும். அதை நல்ல அறிகுறி என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து நாள்தோறும் உண்டாகும் ஒரு கழிவு. அதைச் சிறுநீரகம் வெளியேற்றத் தவறினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஆனால், சிறுநீரகங்களின் திறனில் ஏறத்தாழப் பாதி குறையும் வரை அந்த ஏற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே, 2.1 என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும் சிறிய செய்தி அன்று. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கழிவகற்றுவது மட்டுமே சிறுநீரகத்தின் பணியும் அன்று. இரத்த அழுத்தத்தைச் சீராக்குவது, சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் சுரப்பைத் தருவது, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைச் செயலுறச் செய்வது, பொட்டாசியத்தை அளவோடு வைத்திருப்பது ஆகியவையும் அதன் பொறுப்பே. இதை அறிந்தவருக்கு, சிறுநீரக நோயில் இரத்தசோகைக்கு ஏன் ஊசி போடுகிறோம் என்பது விளங்கும். இளநீர் குளிர்ச்சிதானே, கிட்னிக்கு நல்லதுதானே என்று கேட்போருக்கும் விடை கிடைக்கும். நலமாக உள்ளவருக்கு இளநீர் நல்ல பானம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்ற முடியாத உடலில் அது தேங்கினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். காரணம் கூறாமல் வெறுமனே "இளநீர் வேண்டாம்" என்று நாங்கள் எழுதித் தந்தால், அன்போடு இளநீர் வெட்டித் தரும் உறவினரை யார் தடுக்க முடியும்?

எங்கள் கருத்துக்கு மறுப்பு சொல்வோரும் உண்டு. புறநோயாளர் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது முதல் மறுப்பு. கூட்டம் உண்மைதான், ஆனால் ஒரு தாளில் படம் வரைந்து விளக்க 5 நிமிடம் போதும். விவரம் தெரிந்தால் நோயாளி அஞ்சிவிடுவார் என்பது இரண்டாவது. எங்கள் அனுபவத்தில், விளங்காத எண்களே மனிதரை அதிகம் அச்சுறுத்துகின்றன. இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலாது என்பது மூன்றாவது. 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலைநாட்டு உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்து தமிழ் கற்ற ஒருவரால் அன்றே இயன்றது, தமிழிலேயே வாழும் எங்களால் இன்று இயலாதா?

உங்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை வரும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். எங்களிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எந்த உறுப்பில் பழுது? அது என்ன வேலை செய்கிறது? இந்த மாத்திரை அந்த வேலைக்கு எவ்வாறு உதவுகிறது? நாங்கள் அவசரத்தில் இருந்தாலும் கேளுங்கள். விடை புரியாவிட்டால் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அறிந்துகொண்டதை வைத்து மருந்தை நீங்களாகவே கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மருந்தை விடாமல் இருக்கவும், தவறு நேரும்போது எங்களைத் தடுக்கவும் அந்த அறிவு உதவட்டும்.

அந்த அம்மையாரின் கணவர் இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருகிறார். அதற்காக அவருடைய இடக்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்திருக்கிறோம். சென்ற வாரம், புதிதாகப் பணியில் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் அந்தக் கையிலேயே இரத்த அழுத்தம் பார்க்க முனைந்தார். "தம்பி, அந்தக் கை வேண்டாம். அந்த இரத்த ஓட்டம் அடைபட்டால் டயாலிசிஸே செய்ய முடியாது" என்று தடுத்தவர் அந்த அம்மையார்தான். அவரிடம் நாங்கள் நன்றி சொன்னோம்.