யார் வரவில்லை?

கடந்த தீபாவளியன்று என் முன்னாள் மாணவர் இருவர் இல்லம் வந்திருந்தனர். இருவரும் நிரலாளர்கள். முறுக்குத் தட்டு வருமுன்பே தொழிற்சண்டை தொடங்கிவிட்டது.

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பெயர் தொகுப்பினுள் உண்டா என வினவ ‘இன்’ என்னும் சொல் உண்டு. இல்லையா என வினவத் தனிச்சொல் இல்லை. முன்னால் வியப்புக்குறியை இட்டாலோ, அது முழுக் கூற்றையும் மறுக்காமல் அப்பெயரை மட்டும் மறுத்துவிடுமாம். பைத்தானில் ‘நாட் இன்’ இருப்பதுபோல் இங்கும் வேண்டும் என்றார் ஒருவர். அடைப்புக்குறி இருக்க அது எதற்கு என்றார் மற்றவர்.

முன்னவர் பிரான்சில் பயின்றவர். “தூ லேசெலேவ் ந சொன் பா வெனூ” என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எல்லா மாணவரும் வரவில்லை’. பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் இதனைச் ‘சிலர் வரவில்லை’ என்றே கொள்வர். ஆயினும் ‘ஒருவரும் வரவில்லை’ என்னும் பொருளுக்கும் இடமுண்டு. மறுப்பு எச்சொல்லைப் பற்றுகிறது என்பதே சிக்கல்.

எனக்குச் சுருக்கென்றது. சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பில் ‘எல்லாப் பெற்றோரும் வரவில்லை’ என எழுதியவன் நான். பாதிப் பேர் வந்திருந்தனர். அரைநாள் சம்பளத்தை இழந்து வந்த தாயார் ஒருவர் மறுநாள் அத்தாளுடன் வந்து, “நான் முன்வரிசையில்தானே இருந்தேன், ஐயா?” என்றார். ‘பெற்றோர் சிலர் வரவில்லை’ என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கணினி வகுப்புக்கு நேரம் வேண்டும், இலக்கணத்தைக் குறைக்கலாமா எனக் கேட்கும் பெற்றோர்களே, அந்த நிரலாளர் இருவரும் வாதிட்டது இலக்கணத்தைத்தான். குறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் பழி உங்களுடையது மட்டுமன்று. ‘எதிர்மறையாக மாற்றி எழுதுக’ என்று பத்து வாக்கியம் கொடுத்து, சரிக்குறி போட்டு முடிப்பவர்கள் நாங்கள். மறுத்த பின் அவ்வாக்கியம் யாரைக் குறிக்கிறது என்று எந்தப் பயிற்சி நூலும் கேட்டு நான் கண்டதில்லை. (நானும் கேட்டதில்லை.)

சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், ‘எல்லா மாணவர்களும் வீட்டுப்பாடம் செய்யவில்லை’ என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.