ஒரு கல்யாணம், இரண்டு பத்திரிகை

பீரோவைக் குடைந்தபோது பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே ஒரு சிடி கிடைத்தது. இருபது வருடங்களுக்கு முன் நண்பர்கள் நான்கு பேர் ஊர் ஊராகப் போய்க் கும்மிப் பாட்டுகளை வீடியோ எடுத்துத் தயாரித்தது. மேலே மார்க்கர் பேனாவில் என் கையெழுத்து: 'விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும்.' அந்த ஒரு வரிக்காக நாங்கள் பாழாக்கிய காலி சிடிகள் மாமியார் வீட்டு மாடித் தோட்டத்தில் வெகுநாள் காக்கை விரட்டின.

1985இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிப் பக்கம், ஹை சியரா என்ற சூதாட்ட விடுதியில் ஒரே சிடியை எல்லாக் கணினிகளும் படிப்பது எப்படி என்று போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரம். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இன்டெல் சில்லு ஓர் எண்ணைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதும். அன்றைய மேக்கிலிருந்த மோட்டோரோலா சில்லு முன்பக்கத்திலிருந்து எழுதும். யார் பக்கமும் சாயாமல், முக்கியமான எண்களை இரண்டு விதமாகவும் வட்டில் எழுதிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். சூதாட்ட விடுதியில் பிறந்த நியாயம்!

இன்னொரு பெருந்தன்மையும் உண்டு. வட்டின் முதல் 16 செக்டார்களை, அதாவது 32 கிலோபைட்டை, அந்தத் தரம் தொடுவதில்லை. மேக்குக்கான வரைபடம் அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண் வீட்டார் ஒரு பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பத்திரிகை அடித்தாலும் மண்டபமும் முகூர்த்தமும் ஒன்றுதானே. 650 எம்பி சிடியில் 400 எம்பி வீடியோவை இரண்டு தடவை எழுத முடியாது. ஒரே வீடியோவை விண்டோஸ் அட்டவணை, மேக் அட்டவணை இரண்டும் காட்டும்.

எங்களைக் கவிழ்த்தது கோப்புகளின் பெயர். எந்தப் பழைய கணினியும் படிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் பெயர் எட்டெழுத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டோம். ஆனால் மெனுவை மேக்கில் நீளப் பெயர்களோடு செய்திருந்தோம். விண்டோஸில் போட்டதும் பெயர்கள் எட்டெழுத்தில் வெட்டுப்பட்டு நின்றன. எந்தப் பாட்டை அழுத்தினாலும் கோப்பு இல்லை என்றது. எல்லாவற்றுக்கும் கும்மி01, கும்மி02 என்று ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றி, மெனுவை முதலிலிருந்து கட்டினோம்.

தமிழ் வேறு தனியாகப் படுத்தியது. விண்டோஸ் எழுத்துருவில் அடித்த பாட்டு வரிகள் மேக்குக்குப் போனதும் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பின. பக்கம் பக்கமாகப் படமாக மாற்றித்தான் சேர்த்தோம். சிடியில் எழுதும்போது யாரும் மௌஸைத் தொடக் கூடாது, மின்சாரமும் போகக் கூடாது. தரவு ஒரு கணம் தடைப்பட்டால் போதும், காக்கைக்கு இன்னொரு சிடி.

இப்போது என் மடிக்கணினியில் சிடி போடும் வாயே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் யுஎஸ்பி சிடி டிரைவ் வாங்கி விண்டோஸில் போட்டேன். சற்று நேரம் உறுமிவிட்டுத் திறந்தது. மேக் பக்கம் பார்க்க வழியில்லை. மேக்கின் அந்தப் பழைய கோப்பு முறையைப் படிப்பதை 2019இல் ஆப்பிளே நிறுத்திவிட்டது. கும்மி01ஐ அழுத்தினேன். உள்ளங்கை அளவுச் சட்டத்துக்குள் பெண்கள் வட்டமாகச் சுற்றினார்கள்.

"இவ்வளவு சின்னதாவா எடுத்தீங்க அங்கிள்?" என்றான் பையன்.